மொட்டுக்குக் கொய்யாப்பழம்

பெட்டியை அந்த பெஞ்சு மேல வைங்க சார். கீழ வேண்டாம், தரையில ஈரம் ஊறும். உக்காருங்க. மழை கொஞ்சம் விட்டாத்தான் பொள்ளாச்சி பஸ் மேல வரும். பிள்ளைங்களை மூணு மணிக்கே அனுப்பிட்டேன்.

நீங்க கேக்க வந்ததைக் கேட்டுட்டீங்க. இத்தனை பள்ளிக்கூடத்துக்குப் படக்கதைப் புத்தகம் கொடுத்திருக்கோம், இந்த ஒரு பள்ளிக்கூடம் மட்டும் ஏன் இனிமே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துச்சுன்னு. எழுதினது நான்தான். மகுடேஸ்வரி, தலைமை ஆசிரியைன்னு கீழ கையெழுத்து இருக்கும். ஆனா அந்தக் காகிதத்தைப் படிச்சா நடந்தது தெரியாது சார். யாரும் என்கிட்ட நேரா கேக்கவும் இல்ல. ஏழு மாசமா இந்த எஸ்டேட்டுல எல்லாரும் எனக்கு வணக்கம் சொல்றாங்க, நல்லாருக்கீங்களா டீச்சர்ங்கிறாங்க, இதை மட்டும் கேக்கறதில்ல. நீங்கதான் முதல்ல கேட்டீங்க.

உங்க பெட்டியில வந்த புத்தகம்தான் அது. "மொட்டுவும் செல்லியும்." பதினாறு பக்கம். செல்லின்னு ஒரு சின்னப் பொண்ணு ஓடைக்குப் போறா. அங்க ஒரு யானைக்குட்டி நிக்குது. முதல்ல ரெண்டு பேருக்கும் பயம். அப்புறம் அவ ஒரு கொய்யாப்பழத்தை நீட்டறா. "பயப்படாத மொட்டு, நான் உன் தோழி"ன்னு சொல்றா. அது தும்பிக்கையை நீட்டி வாங்கிக்குது. அவ்வளவுதான், அப்புறம் ரெண்டும் தண்ணியில விளையாடுதுங்க, மழையில நனையுதுங்க, கடைசிப் பக்கத்துல ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்குதுங்க. படம் அவ்வளவு அழகா இருக்கும் சார். குட்டியோட நெத்தியில செம்பட்டையா நாலு முடி வரைஞ்சிருப்பாங்க. எங்க பிள்ளைங்க அந்த முடியைத் தொட்டுத் தொட்டு அந்த இடமே அழுக்காயிருச்சு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல, இந்தப் பிள்ளைங்க பிறந்ததுல இருந்து யானையைப் பாக்குதுங்க. இங்க தேயிலைக்கு நடுவுல அங்கங்க சோலைக்காடு இருக்கு. ஒரு சோலையில இருந்து இன்னொரு சோலைக்கு யானை போகணும்னா தேயிலை வழியாத்தான் போகணும். வந்தா செல்போனுக்குத் தகவல் வரும், கதவைச் சாத்திக்குவாங்க. பிள்ளைங்களுக்கு யானைன்னா கதவு சாத்தறதுதான். அந்தப் புத்தகத்துலதான் முதல் தடவையா அது தோழி ஆச்சு. நான் வாசிச்சு முடிச்சப்ப முப்பத்தோரு பிள்ளைங்களும் மூச்சு விடாம உக்காந்திருந்துச்சுங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் அப்படி ஒரு வகுப்பைப் பாத்ததில்ல.

அதை நாடகமாப் போடலாம்னு எனக்குத்தான் தோணுச்சு. செல்லியா நடிச்சது ஜெர்லின். மூணாங்கிளாஸ். அப்பா பாக்கியநாதன் தேயிலை ஃபேக்டரியில, அம்மா அமலோற்பவம் கொழுந்து எடுக்கறாங்க. ஜெர்லின் வாயைத் திறந்தா மூடமாட்டா. வருகை எடுக்கும்போது அவ பேரைச் சொன்னா, "உள்ளேன் டீச்சர்"னு அவ போடற சத்தத்துல ஓட்டு மேல உக்காந்திருக்கற காக்கா பறக்கும். அந்த நாடகம் வட்டாரத்துல முதல் பரிசு வாங்குச்சு. அதிகாரி ஒருத்தங்க என் கையைப் பிடிச்சு, "காட்டு ஓரத்துப் பிள்ளைங்களுக்கு இதைத்தான் சொல்லித்தரணும், அன்பைச் சொல்லித்தரணும்"னாங்க. அதுக்கப்புறம் தினமும் காலையில பிள்ளைங்க அதைச் சொல்லும். நான் கேப்பேன், அன்பா இருந்தா மிருகம் என்ன செய்யும்? ஒண்ணும் செய்யாது டீச்சர்னு எல்லாம் ஒண்ணாச் சொல்லும். சொல்லிக்கொடுத்தது நான்தான், இல்லைங்கல. ஆனா பொதுவாத்தான் சொன்னேன். போய்த் தொடுங்கன்னு நான் சொல்லல.

அமலோற்பவம் ஒரு தடவை வந்தாங்க. அந்தச் சம்பவம் நடக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. கொழுந்து எடுக்கற கத்தரியோட அப்படியே வந்து வாசல்ல நின்னாங்க.

"டீச்சர், நேத்து சாயங்காலம் லைன் வீடுங்களுக்குப் பின்னாடி யானை வந்துச்சு. எல்லாரும் கதவைச் சாத்திட்டோம். இவ ஜன்னல்ல நின்னு மொட்டு, மொட்டுன்னு கையாட்டுறா. நான் அதட்டினா, யானை ஒண்ணும் செய்யாது, டீச்சர் சொன்னாங்கங்கிறா. நீங்க கொஞ்சம் சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா எடுபடல."

நான் சிரிச்சேன் சார். கேலியா இல்ல. "அது கற்பனைங்க. பிள்ளைங்களுக்குக் கதை எது நிஜம் எதுன்னு தெரியும். நாம பயத்தை ஊட்டினா அப்புறம் எல்லாத்துக்கும் பயப்படுவாங்க"ன்னேன். அவங்க கத்தரியை இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்திக்கிட்டாங்க. "சரிங்க டீச்சர்"னு போயிட்டாங்க. படிச்சவங்களா இருந்தா எதிர்த்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பாங்க, நானும் யோசிச்சிருப்பேன். அவங்க சரிங்கன்னுட்டாங்க. நான் என்ன செய்யறது?

பிப்ரவரி மாசம், ஒரு புதன்கிழமை. இன்னொரு டீச்சர் லீவு. காலையிலயே தகவல் வந்துருச்சு, பதினாலாம் நம்பர் காட்டுல ஆறு யானை நிக்குது, கூட ஒரு குட்டின்னு. பதினாலாம் நம்பர் காடுன்னா வேற எங்கயும் இல்ல, இந்த ரோட்டுல ரெண்டு வளைவு மேல ஏறினா வர்ற தேயிலைதான். நான் கேட்டைப் பூட்டினேன். சாவி என் இடுப்புல இருந்துச்சு. பிள்ளைங்ககிட்ட யாரும் வெளிய போகக்கூடாதுன்னு சொன்னேன். ஒருத்தி கேட்டா, குட்டி எவ்வளவு பெருசு டீச்சர்னு. நம்ம மொட்டு அளவு இருக்கும்னு சொன்னேன். அப்படி ஏதோ சொன்னேன்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சதும் எனக்கு ஒரு போன். நாடகத்தோட வீடியோவை மாவட்டத்துக்கு அனுப்பணும், உடனே அனுப்புங்கன்னு. இங்க சிக்னல் அந்த மூலையில நின்னாத்தான் கிடைக்கும். பத்து நிமிஷம் இருக்கும். சரி, இருபதுன்னு வைங்க. மணி அடிச்சு உக்கார வச்சப்ப பிள்ளைங்களை எண்ணல. எப்பவும் எண்ணுவேன், அன்னைக்கு எண்ணல. வாசிப்பு ஆரம்பிச்சப்புறம்தான் பாத்தேன், ஜெர்லின் இடம் காலி.

"ஜெர்லின் எங்க?"

அவ பக்கத்துல உக்கார்ற பொண்ணு மெதுவாச் சொன்னா, "மொட்டைப் பாக்கப் போயிருக்கா டீச்சர். சாப்பாட்டு டப்பாவுல கொய்யாப்பழம் போட்டுட்டுப் போனா."

கழிவறைக்குப் பின்னாடி வேலியில ஒரு ஓட்டை இருக்கு. பிள்ளை நுழையற அளவு. எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். சமையல் அம்மாவைப் பிள்ளைங்களோட உக்கார வச்சுக் கதவைச் சாத்திட்டு ஓடினேன். என் உடம்பைப் பாக்கறீங்களே, இந்த உடம்பை வச்சுக்கிட்டு ரெண்டு வளைவு ஏறினேன்.

ரோட்டுல பெண்கள் கூட்டம். பன்னெண்டாம் நம்பர்ல கொழுந்து எடுத்துட்டிருந்தவங்களை யானை இருக்குன்னு ரோட்டுக்கு ஏத்தியிருந்தாங்க. இருபது இருபத்தஞ்சு பேர் நிக்கறாங்க, ஒரு சத்தமில்ல. சார், எஸ்டேட் பெண்கள் கூட்டமா நின்னு சத்தமில்லாம நான் பாத்ததே இல்ல. எல்லாரும் கீழ பாத்துட்டு நிக்கறாங்க. நானும் பாத்தேன்.

சரிவுல தேயிலை. நடுவுல தண்ணி ஓடறதுக்கு வெட்டின பள்ளம். அந்தப் பள்ளத்துல குட்டி இறங்கிட்டு ஏற வழி தெரியாம முன்னங்காலை வச்சு வச்சு வழுக்குது. அதுக்கு எதிர்ப்பக்கம் மேட்டுல, நம்ம வாசல்ல இருந்து கேட்டு தூரம் இருக்குமா, சோலை ஓரத்துல பெருசுங்க நிக்குதுங்க. முதுகு மட்டும் தெரியுது. கீழ, குட்டிக்கு நாலஞ்சு அடி தள்ளி, தேயிலைக்கு நடுவுல ஒரு மஞ்சள் ரிப்பன். ஜெர்லின். கை நீண்டிருக்கு. கையில பழம்.

அவ பேசறது ரோட்டுக்குக் கேக்குது சார். அந்தச் சரிவு அப்படி. "பயப்படாத மொட்டு. நான் உன் தோழி." நான் சொல்லிக்கொடுத்த ராகத்துலயே சொல்றா. நாடகத்துல எங்க நிறுத்தச் சொன்னேனோ அங்க நிறுத்தறா.

வாட்சர் சிவலிங்கன் அங்க இருந்தான். காட்டுல யானை பாக்கறதுக்கே போட்டிருக்கற ஆள். இருபது வருஷமா அதான் வேலை. கையைத் தாழ்த்திக் காமிச்சு எல்லாரையும் அப்படியே நிக்கச் சொன்னான். குசுகுசுன்னு சொன்னான், "யாரும் சத்தம் போடாதீங்க. காத்து யானை நிக்கற பக்கமிருந்து நம்ம பக்கம் அடிக்குது, நம்ம வாசம் அதுங்ககிட்ட போகல. தாய் யானை இன்னும் நம்ம பிள்ளையைப் பாக்கல. குட்டி தானா ஏறிடும், ஏறினா கூட்டம் போயிரும். அஞ்சு நிமிஷம் பொறுங்க."

அப்பத்தான் பாத்தேன், அமலோற்பவம் அந்தக் கூட்டத்துல இல்ல. அவங்க ஏற்கனவே சரிவுல இறங்கிட்டாங்க. தேயிலைக்குள்ள உக்காந்தபடியே, குனிஞ்சு குனிஞ்சு, கொழுந்துக் கூடையையெல்லாம் கழட்டிப் போட்டுட்டு, செருப்பும் போடாம இறங்கறாங்க. ஒரு கிளை அசையல. சிவலிங்கன் தடுத்துப் பாத்தானாம், கேக்கலையாம். ரோட்டுல நின்னவங்க எல்லாரும் வாயில முந்தானையை வச்சுக்கிட்டாங்க.

அந்த அஞ்சு நிமிஷத்தை எப்படிச் சொல்றது உங்களுக்கு? குட்டி ஒரு தடவை கத்துச்சு. மேல ஒரு காது அசைஞ்சுது. அப்புறம் நின்னுருச்சு. ஜெர்லின் ஒரு அடி முன்னால வச்சா. என் பக்கத்துல நின்னவங்க என் கையைப் பிடிச்சு நெரிக்கறாங்க, வலிக்கறதே தெரியல. அமலோற்பவம் இன்னும் பத்துப் பதினஞ்சு அடியில இருக்காங்க. தேயிலையில இருந்து தலையை மட்டும் தூக்கினாங்க. ஜெர்லின் பாத்துட்டா. அவங்க வாயில விரலை வச்சாங்க. அப்புறம் இந்த மாதிரி, உள்ளங்கையை மட்டும் மடக்கி, வா, வான்னாங்க.

இங்கதான் சார் நீங்க கவனிக்கணும். பிள்ளை அசையல. நான் பாத்துட்டே இருக்கேன், அவ அசையல. அம்மாவையும் பாக்கறா, குட்டியையும் பாக்கறா, நிக்கறா. எனக்கு ஜெர்லினைத் தெரியும். அம்மா சொன்னா கேக்கமாட்டா. அவங்களே வந்து சொன்னாங்களே, நான் சொன்னா எடுபடல, டீச்சர் சொன்னாத்தான்னு. இந்த உலகத்துல அவ ஒருத்தர் சொன்னா கேப்பான்னா அது என் பேச்சைத்தான். அது எனக்குத் தெரியும்போது நான் எப்படிச் சும்மா நிக்க முடியும்?

கூப்பிட்டேன். "ஜெர்லின், இங்க வா"ன்னு. வகுப்புல கூப்பிடற மாதிரி. கொஞ்சம் சத்தமாத்தான் வந்துருச்சு.

சிவலிங்கன் சொல்றான், அதுக்குள்ள அவ ரெண்டு அடி அம்மா பக்கம் திரும்பி வச்சுட்டாளாம். அவன் நின்ன இடத்துல இருந்து பாத்தா அப்படித் தெரிஞ்சிருக்கும். நான் நின்ன இடம் வேற. நடுவுல ஒரு சவுக்கு மரம் இருந்துச்சு.

தாய் யானை திரும்பினது எனக்குத் தெரியும். காது ரெண்டும் விரிஞ்சுது. அப்புறம் அது வந்ததுக்குச் சத்தமே இல்ல சார், அதுதான் ஆச்சரியம். அவ்வளவு பெரிய உருவம், தேயிலை முறியற சத்தம் மட்டும்தான். அமலோற்பவம் எந்திரிச்சு ஓடினாங்க. நேரா அதுக்கு எதிர்ல ஓடினாங்க. பிள்ளையைப் பிடிச்சு அந்தத் தண்ணிப் பள்ளத்துல தள்ளி, பிள்ளை மேல தானும் விழுந்தாங்க. முழுசா விழறதுக்குள்ள யானை வந்துருச்சு. காலா தும்பிக்கையா, யாருக்கும் சரியாத் தெரியல. ஒரு தடவைதான். சிவலிங்கன் பட்டாசைக் கொளுத்திப் போட்டான். அந்தச் சத்தத்துக்குக் குட்டி மிரண்டு ஒரே தாவுல மேல ஏறிருச்சு. குட்டி ஏறினதும் தாய் அதைத் தடவிப் பாத்துக்கிட்டே பின்னாலேயே போயிருச்சு. எல்லாம் முடிஞ்சுபோச்சு.

பிள்ளைக்கு ஒரு கீறல் இல்ல. அவங்களுக்கு இடுப்பு எலும்பு. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய்க் கம்பி வச்சாங்க. நாலு மாசம் படுக்கையில. இப்ப தடி ஊனி நடக்கறாங்க. இனிமே சரிவுல ஏறி இறங்கிக் கொழுந்து எடுக்க முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

அதுக்கப்புறம் பெற்றோர் கூட்டம் வச்சாங்க. மேல இருந்து ஒரு அதிகாரி வந்தாங்க. பாக்கியநாதன் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "என் பிள்ளைக்கு அந்தப் பழத்தைக் கொண்டுபோகச் சொல்லி யார் சொன்னது?" கூட்டமே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. நான் என்ன சொல்லுவேன்? புத்தகத்தைக் காமிச்சேன். பாருங்க, இதுல இருக்கு, ஆறாம் பக்கம், கொய்யாப்பழம்னே இருக்குன்னு காமிச்சேன். பொய் இல்லையே. அந்த அதிகாரி, அப்படின்னா அதையே எழுதிக் கொடுத்துருங்கன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். "மேற்படி புத்தகத்தின் தாக்கத்தால்"னு ஆரம்பிக்கும். அதுதான் உங்க ஆபீசுக்கு வந்த காகிதம். உங்களுக்கு வருத்தமா இருக்கும், எனக்கும் வருத்தம்தான். முப்பத்தோரு பிள்ளைங்களை மூச்சு விடாம உக்கார வச்ச புத்தகம்.

ஜெர்லின் இங்கதான் படிக்கறா. மாத்திருவாங்கன்னு நினைச்சேன், மாத்தல. பேச்சு குறைஞ்சுபோச்சு. வருகை எடுக்கும்போது பேரைச் சொன்னா கையை மட்டும் தூக்குவா. கொஞ்சம் சத்தமாச் சொல்லிட்டா தலையைக் குனிஞ்சு பெஞ்சுக்குக் கீழ போயிருவா. அதனால இப்ப நான் அவ பேரைக் கூப்பிடறதே இல்ல. ஒரு பார்வை பாத்துட்டு டிக் போட்டுடறேன். யானையைக் கிட்டத்துல பாத்த பயம் சார், போகறதுக்கு நாளாகும்.

போன வாரம் அமலோற்பவம் வந்தாங்க. அன்னைக்கும் மழை. தடியை ஊனி, ஜெர்லின் தோளைப் பிடிச்சுக்கிட்டு, அந்தப் படி ஏறி வந்தாங்க. அந்த சம்பவத்துக்கு அப்புறம் முதல் தடவையா வர்றாங்க. நாற்காலி போட்டேன், டீ கொடுத்தேன். வேண்டாங்கல, குடிச்சாங்க. எனக்குப் பாதி உயிர் வந்துச்சு.

"அந்தப் புத்தகம் இருக்குங்களா டீச்சர்?"

பீரோவுல பூட்டி வச்சிருந்தேன். எடுத்தேன்.

"எனக்குப் படிக்க வராது. என்ன இருக்குன்னு ஒரு தடவை படிச்சுச் சொல்லுங்க."

படிச்சேன். பதினாறு பக்கமும். நாடகத்துக்குப் படிச்ச மாதிரி இல்ல, சும்மா படிச்சேன். அவங்க ஒவ்வொரு படத்தையும் கையில வாங்கிப் பாத்தாங்க. ஜெர்லின் அந்த ஜன்னல்கிட்டப் போய் நின்னுக்கிட்டா. முடிஞ்சதும் அவங்க முதல் பக்கத்துல இருந்து மறுபடியும் திருப்பினாங்க. ஓரமெல்லாம் பாக்கறாங்க. மரத்துக்குப் பின்னாடி, ஓடைக்கு அந்தப் பக்கம்.

"என்னம்மா தேடறீங்க?"

"இதுல குட்டியோட அம்மா எங்க டீச்சர்?"

எனக்குச் சட்டுன்னு புரியல. அப்புறம் நானும் பாத்தேன். இல்ல. எந்தப் பக்கத்துலயும் இல்ல. நூறு தடவை வாசிச்ச புத்தகம் சார். "பதினாறு பக்கந்தானே, எல்லாத்தையும் வரைய இடம் இருக்காதுங்க"ன்னு சொன்னேன். அவங்க தலையை ஆட்டினாங்க. புத்தகத்தை மூடி மேசை மேல வச்சாங்க. கோபம் எதுவும் முகத்துல இல்ல.

அப்புறம் சொன்னாங்க, "நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு டீச்சர்."

ஏழு மாசத்துல அதை ஒருத்தர் என் முகத்துக்கு நேரா சொன்னது அப்பத்தான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. "ஆமாம்மா. பிள்ளை அப்படியே நிக்கறாளே, நான் கூப்பிட்டாலாவது வருவாளேன்னுதான்"னு சொன்னேன். நான் நினைச்சேன், கடைசியில இவங்களாவது புரிஞ்சுக்கிட்டாங்கன்னு.

அவங்க காலி டீ டம்ளரை மேசை ஓரமா நகர்த்தி வச்சாங்க.

"அவ வந்துட்டிருந்தா டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னாங்க. தடியை எடுத்தாங்க. ஜெர்லின் வந்து தோளைக் கொடுத்தா. ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. வலியில இருக்கறவங்க, பெத்தவங்க, ஏதோ ஒண்ணு அப்படித் தோணும், நான் எதிர்த்துப் பேசல. வாசல் வரைக்கும் போனேன். அந்தப் படியெல்லாம் பாசி பிடிச்சுக் கிடந்துச்சு. ஒவ்வொரு படியாத் தடியை வச்சுப் பாத்துப் பாத்து இறங்கறாங்க. மூணாவது படி ஆடும், அது அவங்களுக்குத் தெரியாது. பாத்து இறங்குங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். ஜெர்லினோட முதுகு எனக்கு நேரா இருந்துச்சு.

கூப்பிடல சார். மழை அடிச்சு ஊத்திட்டிருந்துச்சு, கூப்பிட்டாலும் கேட்டிருக்காது.